கஸ்தூரிபா அம்மையாரின் கதர்ச் சேலை

காந்தியடிகளைப் பற்றி அறியாத மாணவி நம் நாட்டில் இருக்க மாட்டாள். அவருடைய துணைவியார் கஸ்தூரிபா அம்மையாரைப் பற்றிக் கேட்டாலோ, காந்தியடிகளின் மனைவி என்ற ஒரு வரியோடு பலரும் நிறுத்திக்கொள்வார்கள். பத்தாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் இந்த ஆண்டு தையல் வகுப்பில் ஆளுக்கொரு குழந்தைச் சட்டை தைத்தோம். கடையில் வாங்கிய துணியைத் தைப்பதே இவ்வளவு வேலை என்றால், பஞ்சை நூலாக்கி அந்த நூலில் நெய்த துணியையே உடுத்தியவர்கள் எப்படி வாழ்ந்திருப்பார்கள் என்ற பேச்சு எங்களுக்குள் எழுந்தது. அந்தப் பேச்சு கஸ்தூரிபா அம்மையாரிடம் கொண்டு போய்விட்டது. ஆகவே அவருடைய வாழ்க்கையை, அவர் உடுத்திய உடைகளின் வழியாகவே இங்கே எழுத முற்படுகிறோம்.

குஜராத்தின் கடற்கரை நகரமான போர்பந்தரில் 1869ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் கஸ்தூரிபா பிறந்தார். தந்தை வசதியுள்ள வணிகர். காந்தியடிகள் அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அதே ஊரில் பிறந்தவர். ஆகவே மனைவி கணவரைவிடச் சில மாதங்கள் மூத்தவர். 13 வயதிலேயே இருவருக்கும் திருமணம் நடந்துவிட்டது. நம் பள்ளியில் எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய வயது! அந்த வயதில் கஸ்தூரிபாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; யாரும் கற்பிக்கவில்லை. கணவர் கற்பிக்க முயன்றார், கூட்டுக் குடும்பத்தில் பகலில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவே வழியில்லாத காலம் அது, படிப்பு முன்னேறவில்லை.

அவர்களுக்கு ஹரிலால், மணிலால், ராமதாஸ், தேவதாஸ் என நான்கு ஆண் மக்கள். மூத்த இருவர் பிறந்த பிறகு, 1896ஆம் ஆண்டின் இறுதியில் குடும்பம் முதன்முதலாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. காந்தியடிகளின் தமக்கை மகனும் உடன் சென்றான். இங்கேதான் உடைகளின் கதை தொடங்குகிறது.

காந்தியடிகள் அப்போது பாரிஸ்டர். நாகரிகமாகத் தோன்றினால்தான் வெள்ளையரிடம் மதிப்புக் கிடைக்கும் என்று அந்நாளில் அவர் எண்ணியிருந்தார். முழுக்க ஐரோப்பிய உடை பொருந்தாது. ஆனால் இந்தியருள் நாகரிகத்தில் முன் நிற்பவர்கள் பார்சிகள் என்று அப்போது கருதப்பட்டது. எனவே கஸ்தூரிபா பார்சிப் பெண்கள் கட்டும் முறையில் சேலை கட்டவேண்டும் என்றும், சிறுவர்கள் பார்சிக் கோட்டும் கால்சட்டையும் அணியவேண்டும் என்றும் முடிவு செய்தார். காலுக்கு உறையும் பூட்ஸும் கட்டாயம். அதுவரை பூட்ஸே அறியாத கால்கள் அவை. பூட்ஸ் கடித்தது, காலுறை வியர்வையில் நாறியது, விரல்கள் புண்ணாயின. சாப்பிடும்போது கத்தியும் முள்கரண்டியும் வேறு. இவற்றையெல்லாம் காந்தியடிகளே பின்னாளில் தம் சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதியிருக்கிறார். தம் அதிகாரத்தால்தான் அவர்களை இணங்க வைத்ததாகவும் ஒப்புக்கொள்கிறார். வேறு வழி இல்லாததால்தான் அம்மையாரும் பிள்ளைகளும் அதை ஏற்றார்கள். கடைசியில் அந்த வேஷம் தானாகவே கழன்றது.

ஒரு தாய் தன் பிள்ளைக்கு எந்த உடை இதமாக இருக்கும் என்று அறிவாள். நம் ஊர்ப்பக்கம் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடாமல், பலமுறை துவைத்து மெதுவாகிப் போன பாட்டியின் பருத்திச் சேலையைக் கிழித்துத்தான் சுற்றுகிறார்கள். அந்த அறிவைக் கேட்காமல், மதிப்புக்காக உடை தேர்ந்தெடுத்ததில்தான் பிழை இருந்தது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அடுத்து வந்தது நகைப் பிரச்சினை. 1901ஆம் ஆண்டு குடும்பம் இந்தியா திரும்பப் புறப்பட்டபோது, நேட்டாலில் வாழ்ந்த இந்தியர்கள் நன்றிக்கடனாகப் பொன்னும் வைரமும் பரிசளித்தனர். அவற்றுள் 50 கினி விலையுள்ள தங்க அட்டிகை ஒன்று கஸ்தூரிபாவுக்கென்றே கொடுக்கப்பட்டது. பொதுத்தொண்டுக்குக் கிடைத்த பரிசு பொதுமக்களுக்கே உரியது என்று காந்தியடிகள் இரவெல்லாம் தூங்காமல் யோசித்து முடிவுசெய்தார். முதலில் பிள்ளைகளைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டு, பிறகே மனைவியிடம் வந்தார். அம்மையார் எளிதில் விடவில்லை. தனக்கு வேண்டாம், நாளை வரப்போகும் மருமகள்களுக்கு என்ன போடுவது என்று கேட்டார், கணவரின் தொண்டில் தனக்கும் பங்கு உண்டு, இரவு பகலாக உழைத்தவள் தானும்தான் என்று வாதாடினார், கண்ணீரும் விட்டார். கடைசியில் நகைகள் அனைத்தும் பொதுநல அறக்கட்டளைக்குப் போய்விட்டன. பின்னாளில் அம்மையாரும் அதுவே சரி என்று உணர்ந்தார் என்று காந்தியடிகள் எழுதுகிறார். எங்கள் வகுப்பில் இதைப் பற்றி வாக்கெடுப்பே நடந்தது. முடிவை இங்கே எழுதப்போவதில்லை. அம்மையாரின் கேள்வி நியாயமான கேள்வி என்பதில் மட்டும் இரண்டு கருத்து இல்லை.

மறு ஆண்டே காந்தியடிகள் அழைப்பின்பேரில் மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்றார். குடும்பமும் பின்னர் சென்று சேர்ந்தது. 1904இல் டர்பனுக்கு அருகில் பீனிக்ஸ் குடியிருப்பும், 1910இல் ஜோகன்னஸ்பர்க்குக்கு அருகில் டால்ஸ்டாய் பண்ணையும் தோன்றின. டால்ஸ்டாய் பண்ணை சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் சேர்ந்து வாழ்ந்த இடம். தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. எல்லாருக்கும் கூலித் தொழிலாளியின் உடைதான். முரட்டு நீலத் துணியில், சிறைக் கைதிகள் உடுத்தும் பாணியில் கால்சட்டையும் சட்டையும். பெண்களில் பெரும்பாலோர் தையலில் தேர்ந்தவர்கள். தையல் பகுதி முழுவதையும் அவர்களே நடத்தினார்கள். ஒரு போராட்டத்துக்கு ஊசியும் நூலும் இப்படியும் உதவும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் தோழியருக்காக இன்னொரு செய்தி. பண்ணையின் நிலத்தை வழங்கிய காலன்பாக் என்ற ஜெர்மானிய நண்பர், மரியன்ஹில் என்ற இடத்திலிருந்த டிராப்பிஸ்ட் கத்தோலிக்கத் துறவிகளின் மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் கற்றார். பின்னர் சிறையில் தம் கையாலேயே ஒரு ஜோடி செருப்புத் தைத்து, தம்மைச் சிறையிட்ட ஜெனரல் ஸ்மட்ஸுக்கே பரிசளித்தார். தோல் வேலையைத் தாழ்வாக நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் சொல்ல நமக்கு ஒரு நல்ல கதை கிடைத்துவிட்டது.

1913ஆம் ஆண்டு மார்ச் மாதம் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவு செய்யப்பட்ட திருமணங்களே செல்லும் என்பது அதன் பொருள். ஒரே தீர்ப்பில் இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவரும் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆகிவிட்டனர். கஸ்தூரிபா தாமாகவே போராட்டத்தில் சேர முன்வந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குச் சென்றார். அங்கே பெண்களுக்குத் தரப்பட்ட வேலை துணி துவைப்பது. வெளியே வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். அதே போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை நம் தமிழ்ப் பெண். சிறையில் கண்ட காய்ச்சலோடு வெளியே வந்து, சில நாட்களில் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் இறந்தார். வயது 16. எங்களைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். அந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1915ஆம் ஆண்டு ஜனவரியில் இருவரும் தாயகம் திரும்பினர். ஆமதாபாத்தில் ஆசிரமம் ஏற்பட்டது. 1917இல் பீகாரிலுள்ள சம்பாரண் மாவட்டத்தில் அவுரி பயிரிட்ட ஏழை உழவர்களுக்காகக் காந்தியடிகள் பாடுபட்டபோது, கஸ்தூரிபா பித்திஹர்வா என்ற சிற்றூரில் தங்கித் தொண்டு செய்தார். பக்கத்துக் கிராமத்தில் சில பெண்கள் மிகவும் அழுக்கான சேலையோடு இருப்பதைக் கண்ட காந்தியடிகள், ஏன் துவைப்பதில்லை என்று கேட்டு வரும்படி மனைவியை அனுப்பினார். ஒரு பெண் கஸ்தூரிபாவைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்று காட்டினாள். உள்ளே பெட்டியும் இல்லை, அலமாரியும் இல்லை. உடுத்தியிருக்கும் ஒன்றே அவளிடமிருந்த சேலை. இதைத் துவைக்கப் போட்டால் உடுத்த என்ன இருக்கிறது, மகாத்மாவிடம் சொல்லி இன்னொரு சேலை வாங்கிக் கொடுத்தால் தினமும் குளித்துத் துவைத்து உடுத்துகிறேன் என்றாள் அவள்.

அந்தக் குடிசைக்குள் போய் அந்தப் பெண்ணின் நிலையைக் கண்ணால் பார்த்தவர் கஸ்தூரிபா. ஆண்கள் போக முடியாத இடம் அது. சொற்பொழிவுகளால் விளங்காதது ஒரு வெற்றுக் குடிசையால் விளங்கியிருக்கும் என்று நாங்கள் நம்புகிறோம்.

கதர் இயக்கம் தோன்றிய கதை நமக்குப் பாடத்தில் உண்டு. ஆனால் பாடத்தில் இல்லாதவை சில. ஆசிரமத்தில் முதலில் தறிகள்தான் வந்தன. நூல் ஆலை நூல்தான். கையால் நூற்கும் ராட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவே இல்லை! கங்காபென் மஜும்தார் என்ற துணிவுள்ள விதவைப் பெண்மணி பல ஊர் அலைந்து, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டைகளைக் கண்டுபிடித்தார். பல வீடுகளில் அவை வேண்டாத பொருளாகப் பரணில் கிடந்தன. ஆசிரமத்தில் முதலில் நெய்த கதர் ஒரு கஜம் 17 அணா ஆயிற்று. ஆலைத் துணியைவிடப் பன்மடங்கு விலை, அதோடு முரடு, அகலமும் போதாது. 45 அங்குல அகலத்தில் ஒரு வேட்டி நெய்து தரும்படி காந்தியடிகள் கங்காபென்னுக்குக் கெடு வைக்க வேண்டியிருந்தது.

1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் நம் மதுரையில் காந்தியடிகள் தம் உடையை முழத்துண்டாகக் குறைத்துக்கொண்டார். உலகமே அதைப் பேசுகிறது. ஆனால் சேலை கட்டும் பெண் உடையைக் குறைத்துக்கொள்ள முடியுமா? கதரின் பெரும் பாரம் பெண்களின் மேல்தான் விழுந்தது. இதை நாங்கள் கணக்காகவே போட்டுப் பார்த்தோம். 6 கஜம் நீளம், 45 அங்குலம் அகலம், ஓர் அங்குலத்துக்குப் பாவு 40 இழை, ஊடை 40 இழை என்று வைத்துக்கொள்வோம். பாவுக்கு 1,800 இழை, ஒவ்வொன்றும் 6 கஜம். ஆக 10,800 கஜம். ஊடைக்கு 8,640 இழை, ஒவ்வொன்றும் ஒன்றேகால் கஜம். அதுவும் 10,800 கஜம். மொத்தம் 21,600 கஜம் நூல்! கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். நம் அமிர்தி வனப் பூங்கா வாசலில் நூலைக் கட்டிவிட்டு நடந்தால் வேலூர் நகரத்தை நெருங்கும் வரை நூல் முடியாது. மணிக்கு 300 கஜம் நூற்பவர் தினம் ஒரு மணி நேரம் ராட்டை முன் உட்கார்ந்தால் 72 நாள் ஆகும். 1924ஆம் ஆண்டு காந்தியடிகள் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கஜம் நூல் தரவேண்டும் என்று விதித்தது. அந்த வேகத்தில் ஒரு சேலைக்குப் பதினோரு மாதம் வேண்டும். நூற்பதற்கு முன்பே பஞ்சில் கொட்டை நீக்கி, வில்லால் அடித்து, பட்டை போட வேண்டிய வேலை தனி. நூற்றபின் சிட்டமாகச் சுற்றி நெசவாளரிடம் கொடுக்க வேண்டும்.

இதைத்தான் கஸ்தூரிபா ஆண்டுக்கணக்கில் செய்தார். சமையற்கட்டு, நோயாளிகள், விருந்தினர், ஆசிரமக் குழந்தைகள் என்று ஓயாத வேலைகளுக்கிடையே ராட்டைக்கு நேரம் ஒதுக்கினார்.

1922ஆம் ஆண்டு மார்ச்சில் காந்தியடிகளுக்கு ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது கஸ்தூரிபாவின் பெயரில் நாட்டு மக்களுக்கு ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஆண் பெண் அனைவரும் அந்நியத் துணியை விட்டுக் கதர் உடுத்த வேண்டும், பிறரையும் உடுத்தச் செய்ய வேண்டும்; பெண்கள் எல்லாரும் நூற்பதைச் சமயக் கடமையாகக் கொள்ள வேண்டும்; வணிகர்கள் அந்நியத் துணி வாணிகத்தை நிறுத்த வேண்டும் என்பன அவர் விடுத்த வேண்டுகோள்கள். 1896இல் எந்தச் சேலை, எந்த விதம், எந்தப் பூட்ஸ் என்று கணவர் சொல்லக் கேட்டுக் கப்பலேறியவர், 25 ஆண்டு கழித்து நாடு முழுவதும் என்ன உடுத்த வேண்டும் என்று தாமே எடுத்துச் சொன்னார். இந்த இடத்தைப் படித்தபோது எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

1927இல் காந்தியடிகள் கதருக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது நம் வேலூருக்கும் வந்தார். திருச்செங்கோட்டுக்கு அருகில் புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இலேயே காந்தி ஆசிரமம் தொடங்கிக் கதர் வேலை நடத்திவந்தார். அந்த இராஜாஜியின் மகள் லட்சுமியைத்தான் 1933இல் தேவதாஸ் மணந்தார். கஸ்தூரிபாவுக்குத் தமிழ் மருமகள் வாய்த்தது இப்படித்தான். மருமகள்களுக்கு என்ன போடுவது என்று 1901இல் அழுத மாமியார் அவர்!

கையால் நூற்றதைத் தம் மக்களுக்குக் கொடுக்கும் வழக்கம் அந்தத் தலைமுறையில் பலரிடம் இருந்தது. ஜவஹர்லால் நேரு சிறையிலிருந்தபோது நூற்ற நூலில் நெய்த இளஞ்சிவப்புச் சேலையைத்தான் அவர் மகள் இந்திரா 1942ஆம் ஆண்டு தம் திருமணத்தில் உடுத்தினார். காந்தியடிகள் 1947இல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு அனுப்பியதும் தாம் நூற்ற நூலில் பின்னிய ஒரு சிறு விரிப்புத்தான். குரோஷா பின்னும் நம் தோழியர் இதைக் கேட்டுப் பெருமை கொள்ளலாம்.

1930க்குப் பிறகு அம்மையார் பல முறை சிறை சென்றார். ராஜ்கோட் போராட்டத்திலும் 1939இல் காவலில் வைக்கப்பட்டார். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் தொடக்கத்திலேயே கைதாகி, பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகையில் காந்தியடிகளோடு காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்தபோது, 70 வயதைத் தாண்டிய அவருக்குக் காந்தியடிகள் பூகோளமும் குஜராத்தியும் கற்பித்தார். திருமணமான புதிதில் நின்றுபோன பாடம் சிறையில் தொடர்ந்தது.

அவருடைய இதயம் மெல்ல மெல்லப் பலவீனமடைந்தது. காந்தியடிகள் தம் கையால் நூற்ற நூலில் நெய்த சேலை ஒன்று அம்மையாரிடம் இருந்தது. அதை உடுத்தித் தேய்க்காமல் பத்திரமாக வைத்திருந்தார். தம் இறுதி யாத்திரையில் அதையே உடுத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள், மகா சிவராத்திரி அன்று மாலை, கணவரின் மடியில் உயிர் பிரிந்தது. வள்ளியம்மை இறந்து அன்றோடு சரியாக முப்பது ஆண்டுகள்.

மறுநாள் அந்தச் சேலையை உடுத்தி, மாளிகைத் தோட்டத்திலேயே உடலைத் தகனம் செய்தார்கள். கடைசி மகன் தேவதாஸ் சிதைக்குத் தீ மூட்டினார். பிறகு சாம்பலில் பார்த்தபோது கையில் அணிந்திருந்த கண்ணாடி வளையல்கள் ஐந்தும் உடையாமல் இருந்தன.

அவர் நினைவாகக் கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பணிபுரிய 75 லட்சம் ரூபாய் திரட்ட நாட்டு மக்கள் முனைந்தனர். அந்தத் தொகையைவிட அதிகமாகவே சேர்ந்தது. கஸ்தூரிபா காந்தி தேசிய நினைவு அறக்கட்டளை அதிலிருந்து தோன்றியது. சென்னையில் 1885இல் தொடங்கிய கோஷா ஆஸ்பத்திரிக்கும் பின்னாளில் அவர் பெயரே சூட்டப்பட்டது. பழைய பெயரைச் சொல்லியே பாட்டிமார் வழி கேட்கும் அந்த மருத்துவமனையில் இன்றும் தாய்மாரும் பிறந்த குழந்தைகளும் நிறைந்திருக்கிறார்கள்.